பனையடியில் நின்று பார்த்தவள்



இலக்கியத் தொடரிலே உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கம்பனையும் இளங்கோவையும் பற்றிப் பேசவேண்டிய நேரத்திலே ஒரு தமிழாசிரியை பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று தோன்றலாம். ஆனால் 'ரசிகர்' என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். கச்சேரியிலே தலையாட்டுபவரை ரசிகர் என்கிறோம். கவியரங்கிலே கைதட்டுபவரையும் ரசிகர் என்கிறோம். வெயிலிலே நின்று, தொண்டை கட்டும்வரை கத்தி, தோற்ற அணியோடு தானும் தலைகுனிந்து வீடு திரும்புகிறாரே, அவரையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். இவர்கள் எல்லோருக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் ஓர் உதைபந்தாட்ட ரசிகை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவள். கல்லூரியிலே புறநானூறு படிப்பிக்கிறேன். வெள்ளிக்கிழமைகளிலே கோயிலுக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களிலே மைதானத்துக்குப் போகிறேன். "இந்த வயதிலே பெடியளோடு நின்று கத்துகிறாயே" என்று என் மாமியார் கேட்பதுண்டு. கேட்டுவிட்டு, "எத்தனைக்கு எத்தனை?" என்றும் அவரே கேட்பார்.

நான் பிறந்தது மன்னார்ப் பெருநிலப் பகுதியிலே, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பி வாழும் ஒரு வயற்கிராமத்திலே. எங்கள் ஊரிலே ஆட்டமென்றால் அறுவடை முடிந்த வயலிலே கிட்டியும் கிளித்தட்டும்தான். 1990களிலே எங்கள் குடும்பமும் மடுவிலே அகதியாகத் தங்கியிருந்தது. அங்கேதான் முதன்முதலாக உதைபந்தாட்டம் பார்த்தேன். பந்தென்று சொன்னாலும் அது பந்தல்ல. பழைய துணிகளை உருட்டி, வலை நூலாலே இறுகக் கட்டியிருந்தார்கள். தீவிலிருந்தும் கரையோர ஊர்களிலிருந்தும் வந்திருந்த பிள்ளைகள் அதை உதைத்து விளையாடினார்கள். நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற பெரியவர்கள், வரிசை நகர்ந்ததையும் கவனியாமல் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் தெளியவில்லை.

ஐந்திணை படித்தவர்களுக்கு இது எளிதிலே விளங்கும். நான் மருத நிலத்துப் பெண். உதைபந்தாட்டமோ எங்கள் மாவட்டத்திலே பெரிதும் நெய்தல் நிலத்தின் சொத்து. தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, பனங்கட்டுக்கொட்டு, பள்ளிமுனை, பாலம் கடந்தால் வங்காலை, அரிப்பு, வடக்கே விடத்தல்தீவு என்று கடற்கரையோரமாகவே போய்ப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களிலே ஒரு தேவாலயம் இருக்கும், அதற்குக் கூப்பிடு தூரத்திலே ஒரு மைதானம் இருக்கும். ஊர்ப் பாதுகாவலரான புனிதரின் பெயரே கழகத்தின் பெயராகவும் இருக்கும். பள்ளிமுனை சென் லூசியாஸ் என்ற பெயரை விளையாட்டுச் செய்தி வாசிப்பவர்கள் அறிவார்கள்.

கடற்றொழிலாளர் ஊர்களிலே இந்த ஆட்டம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் முன்னே இழுக்கிறார், மற்றவர் பின்னே தாங்குகிறார், இன்னொருவர் கயிற்றைச் சுருட்டுகிறார். யாரும் யாருக்கும் வாயாலே சொல்வதில்லை. தன் இடம் எது, அடுத்தவன் எங்கே நிற்கிறான் என்பது ஒவ்வொருவருக்கும் உடம்பிலே எழுதியிருக்கிறது. அதே அறிவுதான் மைதானத்திலும் வேண்டும். அத்தோடு கிரிக்கெட்டுக்கு வேண்டிய மட்டையோ, காலுறையோ, செப்பனிட்ட ஆடுகளமோ இதற்குத் தேவையில்லை. மணல்தரையும் ஒரு பந்தும் போதும். சப்பாத்து இல்லாவிட்டால் வெறுங்கால். கத்தோலிக்க ஊர்களிலே ஞாயிறு கடலுக்குப் போகாத நாள். காலையிலே பூசை, மாலையிலே பந்து. இதைவிட வசதியான கால அட்டவணை வேறெங்கே கிடைக்கும்?

இனி நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன். ஒரு பருவத்திலே எத்தனையோ ஆட்டங்கள் நடக்கின்றன. இறுதிப் போட்டிக்குத்தான் கூட்டம் அதிகம். அமைச்சர்களும் அதிகாரிகளும் மாலையோடு வருவதும் அதற்குத்தான். ஆனால் உண்மையான ரசிகரைக் காணவேண்டுமென்றால் பருவத்தின் முதல் வார இறுதியிலே மைதானத்துக்கு வாருங்கள். அன்று கிண்ணமும் இல்லை, மாலையும் இல்லை. புள்ளிப் பட்டியலிலே எல்லோருக்கும் பூச்சியம்.

அந்த வாரத்தின் வியாழக்கிழமையே ஊர் மாறிவிடும். தேநீர்க் கடையிலே அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். போன வருடம் ஒருவரோடொருவர் முகம் பாராமல் பிரிந்த இரண்டு ஊர்க்காரர் இப்போது ஒரே மேசையிலே இருந்து, எந்த நடுவர் வருவார் என்று ஆராய்வார்கள். வெள்ளிக்கிழமை மைதானத்திலே எல்லைக்கோடு போடுவார்கள். கோல் கம்பத்து வலையிலே ஓட்டை இருந்தால் அதைப் பொத்துவதற்கு நம்மூரிலே ஆள் தேடவேண்டியதில்லை. ஊசியும் நூலும் எடுத்துவர எத்தனையோ கைகள் உண்டு. சனிக்கிழமை காற்றைப் பற்றிய பேச்சு வரும். சோளகக் காலமென்றால் பந்து ஒரு பக்கமாக இழுபடும். நாணயச் சுண்டலிலே வென்றால் எந்தப் பக்கத்தை எடுப்பது என்பதைத் தலைவனைவிடத் தெளிவாகப் படகோட்டி ஒருவர் சொல்லுவார். காற்றோடு வாழ்ந்தவர் சொல்லை மறுக்கமுடியுமா?

இந்த முதல் வாரக் காய்ச்சல் உலகம் முழுவதற்கும் பொது. இங்கிலாந்திலே பிரீமியர் லீக் ஓகஸ்ட் மாதத்திலே தொடங்குகிறது. 20 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். அமெரிக்காவிலே இதற்குப் பெயர் ஒன்று, ஆட்டம் வேறு. அங்கே பந்து முட்டை வடிவம். அதைக் காலால் உதைப்பதைவிடக் கையிலே தூக்கிக்கொண்டு ஓடுவதே அதிகம். அதன் தொழில்முறை லீக்கிலே 32 அணிகள். செப்டெம்பரிலே பருவம் தொடங்கும். 2021ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டங்கள் மட்டுமே. 38இலே ஒன்றைத் தோற்றால் ஆறுதல் சொல்லலாம். 17இலே முதலாவதைத் தோற்றால் நெஞ்சு கனக்கும்.

என் சித்தியின் மகன் நியூ ஜேர்சியிலே இருக்கிறான். எனக்குத் தம்பி முறை. போன இடத்திலே அவன் நியூயோர்க் ஜெட்ஸ் என்ற அணிக்கு ரசிகனாகிவிட்டான். அந்த அணி கடைசியாகப் பட்டம் வென்றது 1969 ஜனவரியிலே. அதன்பின் இறுதிப் போட்டிக்குக்கூட அது வந்ததில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன வெற்றி அது. ஆனாலும் ஒவ்வொரு செப்டெம்பரிலும் தொலைபேசியிலே கூப்பிடுவான்.

"அக்கா, இந்த வருசம் எங்கட வருசம்."

"போன வருசமும் இதைத்தானே தம்பி சொன்னாய்?"

"போன வருசம் வேற, அக்கா."

நான் சிரிப்பேன். ஆனால் ஏளனமாகச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. நம்முடைய தேசிய அணி தெற்காசியக் கிண்ணத்தை வென்றது 1995இலே, கொழும்பிலே. இறுதி ஆட்டத்திலே இந்தியாவை மேலதிக நேரத்திலே ஒரே ஒரு கோலினால் வென்றோம். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் நம் கைக்கு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தொடரின் முதலாவது ஆட்டத்துக்கு முன்னும் நானும் அவனைப் போலத்தான் பேசுகிறேன்.

நம்மூர்ப் போட்டிகளிலே இன்னொரு கண்டிப்பும் உண்டு. லீக் முறையிலே நடப்பவை சில. திருநாட்களை ஒட்டியும் நினைவுக் கிண்ணங்களுக்காகவும் நடப்பவற்றிலே பல விலகல் முறையிலானவை. தோற்றால் வெளியே. மாதக்கணக்காகப் பயிற்சி செய்த ஓர் அணிக்கு முதல் ஞாயிறே கடைசி ஞாயிறாகவும் முடியலாம். நான்கு மணிக்குத் தொடங்கிய பருவம் ஆறு மணிக்கு முடிந்துபோய், தேவாலய மணி அடிக்கையிலே, பிள்ளைகள் சப்பாத்தைக் கையிலே தூக்கிக்கொண்டு வீதியால் நடந்து போவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அந்த நடையை எந்தக் கவிஞராவது பாடியிருக்கவேண்டும்.

கவிஞர் என்றதும் புறநானூற்றுக்கு வந்துவிடுகிறேன். இந்தத் தொடரின் நேயர்கள் அதற்காகத்தானே காத்திருக்கிறீர்கள்.

உறையூரை ஆண்ட தித்தன் என்ற சோழனுக்கு ஒரு மகன் இருந்தான். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்று பெயர். தந்தையோடு பகைத்து, நாட்டைவிட்டு வேற்றூரிலே வாழ்ந்தவன் என்று உரைகாரர் சொல்வர். அவன் ஆமூரிலே அவ்வூர் மல்லனோடு மற்போர் செய்தான். அந்தப் போரைப் பார்த்தவர்கள் பாடிய பாடல்கள் புறநானூற்றிலே 80 தொடக்கம் 85 வரை வரிசையாக இருக்கின்றன. தமிழிலே கிடைக்கும் மிகப் பழைய விளையாட்டு வர்ணனைகள் இவைதாம் என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

பாடியவர்கள் இருவர். ஒருவர் சாத்தந்தையார். அவர் சரியான நேர்முக வர்ணனையாளர். மல்லனின் மார்பிலே கிள்ளி முழந்தாளை ஊன்றியது தொடக்கம் ஒவ்வொரு பிடியையும் சொல்கிறார். சொல்லிவிட்டு, தித்தன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இதை வந்து பார்க்கவேண்டும் என்கிறார். மகனை ஒதுக்கிய தந்தை மகனுடைய ஆட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒரு ரசிகன் ஆசைப்படுகிறான். இன்னொரு பாட்டிலே கிள்ளியின் வேகத்துக்கு உவமை சொல்கிறார். ஊரிலே திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம். வெளியிலே மழை, பொழுதும் சாய்கிறது. இந்த நிலையிலே ஒரு தொழிலாளி கட்டிலுக்கு வார் பின்னி முடிக்கவேண்டும். அவனுடைய ஊசி எப்படிப் பறக்கும்? அப்படிப் பறந்ததாம் அந்தப் போர். இன்று ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கத்தும் எந்த வர்ணனையாளருக்காவது இப்படியோர் உவமை வாய்த்திருக்கிறதா?

மற்றவர் பெண். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். அவர் பாடிய மூன்று பாடல்களிலே கடைசியானது 85ஆம் பாட்டு. எட்டு அடிதான். அதன் பொருளை என் சொல்லிலே தருகிறேன். கிள்ளிக்கு இது சொந்த ஊரும் அல்ல, சொந்த நாடும் அல்ல. அதனாலே பார்த்தவர்கள் பிரிந்துவிட்டார்கள். வெற்றி அவனுக்கே என்று ஒரு சாரார், இல்லை என்று இன்னொரு சாரார். இரண்டு பேச்சும் நல்ல பேச்சாகவே இருக்கட்டும். நானோ காற்சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், எங்கள் வீட்டுப் பனைமரத்தோடு சாய்ந்து நின்று, அவன் வென்றதை என் கண்ணாலே கண்டேன்.

நேயர்களே, இந்தப் பாட்டைப் பல்கலைக்கழகத்திலே படித்தபோது, கைக்கிளை, பெண்பாற்கூற்று என்று குறித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். காதலித்தவள் பாடியது என்பதிலே பிழையில்லை. ஆனால் பனைகள் நிறைந்த மன்னார்த் தீவிலே, ஒரு மைதானத்தோரம், இடமில்லாமல் ஒரு பனையோடு சாய்ந்து நின்று ஆட்டம் பார்த்த நாளிலேதான் அதன் கடைசி அடி எனக்கு விளங்கியது. அந்தப் பெண் மற்போரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிடி, அடி, வேகம் என்று வர்ணிக்கவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடுகிறது. அவள் ஓடிவந்தாள், நின்றாள், பார்த்தாள். சொந்த ஊர் இல்லாதவனுக்குச் சாட்சியாக ஒருத்தி நின்றாள். ரசிகர் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சொந்த ஊர் இல்லாத மைதானத்திலே ஆடுவது நம் கரையோரப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 2021 ஏப்ரலிலே இலங்கையின் தொழில்முறை உதைபந்தாட்டப் போட்டியான சுப்பர் லீக் ஆரம்பமானது. பத்துக் கழகங்கள். கொழும்பு, வென்னப்புவ, பேருவளை, நாவலப்பிட்டி என்று ஊர்களின் கழகங்களும், முப்படையினரின் கழகங்களும் இருந்தன. வட மாகாணத்திலிருந்து ஒரு கழகமும் இருக்கவில்லை. ஆனால் வடக்கிலே பந்து பழகிய பிள்ளைகள் சிலர் அந்தக் கழகங்களின் மேலாடையிலே ஆடினார்கள். அந்த முதல் வாரத்திலே எங்கள் வீட்டு முற்றத்திலே நாலைந்து பேர் ஒரு கைத்தொலைபேசியின் சிறு திரையைச் சூழ்ந்துகொண்டு நின்றோம். எந்தக் கழகம் வெல்கிறது என்பதிலே ஒருவருக்கும் அக்கறை இல்லை. "அந்தா எங்கட பெடியன்" என்ற குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. அவனுக்கு அது சொந்த ஊர் அல்ல. எங்களுக்கு அது சொந்தக் கழகமும் அல்ல. பின்னர் கொரோனாத் தொற்று அந்தப் பருவத்தை இடைமறித்தது. 2023 ஜனவரியிலே சர்வதேச சம்மேளனமான பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டிலேதான் தடை நீங்கியது. அந்த மாதங்களிலே நம்முடைய தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டம் என்பதே இல்லை. நிர்வாகத்திலே பெரியவர்கள் போட்ட சண்டைக்கு ஆடுகிற பிள்ளைகள் தண்டனை அனுபவித்தார்கள்.

இனி முதல் ஆட்டத்திலே நான் எதைப் பார்க்கிறேன் என்பதைச் சொல்லவேண்டும். எனக்கு முதலிலே வேண்டியது கோல் அல்ல, பெயர்ப்பட்டியல்.

ஆசிரியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தவணையின் முதல் நாளிலே வரவு இடாப்பைத் திறந்து பெயர்களை வாசிக்கும்போது, பதில் வராத பெயரிலே கண் நின்றுவிடும். போர்க்காலத்திலே கற்ற, கற்பித்த எவருக்கும் அந்த மௌனம் தெரியும். மைதானத்திலே ஒலிபெருக்கியிலே இரண்டு அணிகளின் பெயர்களும் வாசிக்கப்படும்போது எனக்கு அதே இடாப்புத்தான் நினைவிலே விரிகிறது. இடது பக்கம் ஓடுகிற அந்தப் பெடியன் எங்கே? கட்டாருக்குப் போய்விட்டான். கோல் காப்பாளன்? பொலிஸ் அணியிலே எடுத்துவிட்டார்கள், சந்தோசம். அவனுடைய தமையன்? பொருளாதார நெருக்கடி வந்த 2022இலே வள்ளம் ஏறி அக்கரைக்குப் போனவர்களோடு அவனும் போய்விட்டான். புதிதாக ஒரு பெயர் கேட்கிறதே, யார்? போன வருடம் என் வகுப்பிலே இருந்த பிள்ளை. ஒரு பருவத்துக்குள்ளே ஊருக்கு என்ன நடந்தது என்பதை அந்தப் பதினொரு பெயர்களிலேயே வாசித்துவிடலாம்.

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். 1990 ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் ஒரே மாதத்திலே வெறுமையாயின. புத்தளத்து முகாம்களிலே ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2009இலே போர் முடிந்த பின்னர்தான் பலரும் திரும்பத் தொடங்கினார்கள். அப்படித் திரும்பிய முதியவர் ஒருவர் ஒரு முதல் ஞாயிற்றிலே எனக்கு அருகே நின்றுகொண்டிருந்தார். அட்டவணையைக் கையிலே வாங்கி, கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, தம்முடைய ஊரின் பெயரிலே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"வாசிக்கட்டுமா ஐயா?" என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். எனக்கு வாசிக்கத் தெரியும். சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறன்" என்றார்.

அன்று அவருடைய அணி மூன்று கோல்களால் தோற்றது. அவர் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். தோல்வி அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை. பெயர் பட்டியலிலே இருந்தது, அது போதும் அவருக்கு.

இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும். மன்னார் தந்த டக்சன் பியூஸ்லஸ் இலங்கைத் தேசிய அணிக்கு ஆடியவர். மாலைதீவிலே கழகமொன்றுக்காக ஆடிக்கொண்டிருந்த காலத்திலே, 2022 பெப்ரவரியிலே, அங்கேயே உயிர்நீத்தார். இளம் வயது. அவர் உள்ளூர் மைதானங்களை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் மைதானத்தோரம் சின்னப் பிள்ளைகள் பந்தடிக்கும்போது ஒருவன், "நான் டக்சன்" என்பான். மற்றவன், "இல்லை, நான்தான்" என்பான். அவர் இறந்த பிறகு வந்த முதல் ஆட்டத்தின்போதும் கோட்டுக்கு வெளியே அந்த வாக்குவாதம் நடந்துகொண்டுதான் இருந்தது. பெரியவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றார்கள். நடுகல் நட்டு, பெயரும் பீடும் எழுதிப் போற்றிய மரபு நம்முடையது. பிள்ளைகள் கல் நடுவதில்லை. பெயரை எடுத்துத் தங்களுக்கே சூட்டிக்கொள்கிறார்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். உவகை, நகை, அழுகை, அச்சம், வெகுளி, பெருமிதம், மருட்கை, இளிவரல். இந்த எட்டையும் ஒரே மாலையிலே அனுபவிக்க வேண்டுமென்றால் முதல் வார ஆட்டத்துக்கு வாருங்கள் என்று என் மாணவிகளுக்குச் சொல்வேன். பயிற்சி போதாத காலாலே பந்து தவறிப் போகும்போது நகை. எதிரணி தண்ட உதைக்குப் பந்தை வைக்கும்போது அச்சம். நடுவர் ஊதவேண்டிய இடத்திலே ஊதாவிட்டால் வெகுளி. நம்முடைய பின்கள வீரனே தன் வலைக்குள் பந்தைத் தட்டிவிட்டுத் தலையிலே கைவைத்து நிற்கும்போது இளிவரல். அது அவனுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் மூன்று பேரைத் தாண்டிப் போகும்போது, இவனுக்குள்ளே இது எங்கே ஒளிந்திருந்தது என்ற மருட்கை. அவன் கோல் அடித்துவிட்டுத் தாயைத் தேடி ஓடிவரும்போது உவகையும் பெருமிதமும். அழுகை எப்போது வரும் என்பது அவரவர்க்குத் தெரியும்.

மேடையிலே இந்த எட்டையும் நடிகர் காட்ட நாம் பார்க்கிறோம். மைதானத்திலோ பார்ப்பவரின் முகத்திலேயே எட்டும் ஓடுகின்றன. கச்சேரி ரசிகருக்கும் பந்தாட்ட ரசிகருக்கும் ஒரே சொல் வந்த காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இருவரும் இன்னொருவருடைய முயற்சியைத் தம்முடைய உடம்பிலே வாங்கிக்கொள்பவர்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பாடகர் நன்றாகப் பாடாவிட்டால் ரசிகர் எழுந்து போய்விடலாம். தன் அணி தோற்கும்போது எழுந்து போகிறவரை எங்கள் ஊரிலே ரசிகர் என்று சொல்லமாட்டார்கள்.

"விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கரையிலே நடந்தவற்றிலே எத்தனையோ காரியங்களுக்குச் சாட்சி இல்லை. பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லாமற் போன நாட்கள் பல. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு தாய்மார் இன்றைக்கும் வீதியோரம் இருக்கிறார்கள். அந்தத் தாய்மாருக்குப் பந்தாட்டம் பதில் சொல்லாது. சொல்லும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் ஒருவன் உயிரோடு இருந்து, தன் ஊரின் பெயர் எழுதிய மேலாடையை அணிந்து, தன் முழு மூச்சோடும் ஓடுகிறான் என்றால், அதைப் பார்க்க நாலு பேர் வந்து நிற்கவேண்டும். வென்றான், தோற்றான் என்பது அடுத்த கதை. "அவன் ஓடியதை நான் கண்டேன்" என்று சொல்ல ஒருவராவது வேண்டும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னே ஒரு நாய்கன் மகள் சொன்னது அவ்வளவுதான். அதனாலேதான் கிள்ளியின் வெற்றி இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. அவனோடு மோதிய மல்லனின் பெயர் தெரியவில்லை. அவனுக்காக ஒரு பனையடியிலே நின்றவர் யாரோ, அவர் பாடி வைக்கவில்லை.

ஆகவே நேயர்களே, உங்களூரிலே அடுத்த பருவம் தொடங்கும்போது, இறுதிப் போட்டிவரை காத்திராதீர்கள். முதல் ஞாயிறே போங்கள். எந்த அணி என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெயர்களை வாசிக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றாவது இருக்கும். இல்லாவிட்டால், ஆட்டம் முடிவதற்குள் ஒரு பெயர் தெரிந்துவிடும். கச்சான் வாங்கிக்கொள்ளுங்கள். குடை கொண்டுபோனால் பின்னால் நிற்பவருக்கு மறைக்காமல் பிடியுங்கள். உங்கள் பக்கம் தோற்றாலும் கடைசி விசில்வரை நில்லுங்கள்.